மருதமுனையில் பாண் சுடப் பழகினேன்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் வரிசையாக வரும். பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. அடுத்தது மருதமுனை. அதைத் தாண்டினால் பாண்டிருப்பு, பிறகு கல்முனை. ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், மறுபடியும் ஒரு தமிழ் ஊர். புதிதாக வருகிறவருக்கு எல்லை எது என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். எந்த ஒழுங்கையோடு யாருடைய ஊர் முடிகிறது என்பது யுத்த காலத்தில் சின்னப் பிள்ளைக்கும் பாடமாக இருந்தது.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவள். சிறு வயதில் எங்கள் ஊருக்குப் பாண் வந்தது முஸ்லிம் ஊரிலிருந்துதான். சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டி கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஒரு காக்கா மணியடித்து வருவார். அச்சுப் பாணும் பணிசும் அந்தப் பெட்டிக்குள் சூடாக இருக்கும். 1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கிய பிறகு அவர் வரவேயில்லை. அந்த வருடம் இரண்டு பக்கத்திலும் நடந்தவற்றை வாசகிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகாமில் நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவில் அம்மா ரொட்டி சுட்டுத் தருவார். மாதக்கணக்கில் ரொட்டிதான். பாண் வேண்டும் என்று தம்பி அழுவான்.

இந்த வயதில் பாண் சுடப் பழக நினைத்தது ஆசையினால் அல்ல. 2022இல் எரிவாயு இல்லாமல் எத்தனையோ பேக்கரிகள் மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் பாண் பழைய விலைக்கு வரவில்லை. கணவர் இல்லாத வீடு, இரண்டு பிள்ளைகள், இடியப்பம் அவித்து விற்கிற வருமானம். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஆறு பேர் இடியப்பம் அவிக்கிறோம்! பெண்கள் கூட்டம் ஒன்றில் மருதமுனை ராத்தா ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வாங்க தங்கச்சி, நான் பழக்கித் தாறன்" என்றார். போவதற்கு மூன்று கிழமை யோசித்தேன். "அங்க தனியவா போகப் போறாய்?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார்.

மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். உள் ஒழுங்கைகளில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். ராத்தா முன்னர் கடற்கரையில் இருந்தவர். அவருடைய கணவருக்குச் செங்கல் போறணையோடு ஒரு சிறிய பேக்கரி இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கணவரும் போறணையும் போய்விட்டன. அன்று இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல். கடலோரத்தில் இருந்தவர்களுக்காகக் கட்டிய இடத்தை ஊர்ச் சனங்கள் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்பார்கள். கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு இருந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர்.

போறணைக்குள்ளேயே விறகை எரித்துச் செங்கல்லைச் சூடாக்கி, தணலை வாரி எறிந்துவிட்டு, ஈரச் சாக்கினால் தரையைத் துடைத்துப் பாணை வைப்பார்களாம். ஒரு பிடி மாவை உள்ளே எறிந்து பார்ப்பாராம் அவர் கணவர். மா உடனே கருகினால் பொறுக்க வேண்டும், மெல்லச் சிவந்தால் சரி. பாண் என்ற சொல்லும் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. அவர்கள் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது, காலைச் சாப்பாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

ராத்தாவிடம் இப்போது போறணை இல்லை. ஒரு பெரிய அலுமினியப் பானையில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்று மணல் போட்டு, அதன்மேல் மூன்று சிறு கற்கள். கற்களின் மேல் பாண் தகரம். தட்டையான இரும்பு மூடியில் சிரட்டைத் தணல். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. அவருடைய உம்மா பெருநாளைக்குக் கேக் சுட்ட முறையாம். நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும், தணல் புகை கூடாது.

அளவு இதுதான். அரைக் கிலோ கோதுமை மா, ஒன்றரைத் தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி மாஜரின், 300 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர். ஈஸ்ட்டையும் சீனியையும் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் நுரைக்கும். நுரைக்காவிட்டால் மாவை வீணாக்க வேண்டாம்.

முதல் நாள் நான் கொதித்த தண்ணீரை அவசரத்தில் ஊற்றிவிட்டேன். நுரைக்கவும் இல்லை, நான் அதைக் கவனிக்கவும் இல்லை. சுட்டு எடுத்தபோது செங்கல். ராத்தா பிட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஈஸ்ட் மௌத்தாகிட்டு தங்கச்சி. அதுவும் உயிர்தானே. தண்ணியில விரல வெச்சிப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும்."

இரண்டாம் முறை குழைத்தலில் பிடிபட்டேன். ஐந்து நிமிடத்தில் கை நோகிறது என்று நிறுத்தினால் விடமாட்டார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிக் குழைக்க வேண்டும். சிறு துண்டை இழுத்தால் கிழியாமல், மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். அந்தப் பசைதான் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. பிறகு ஈரச்சீலை போட்டு மூடி, இரண்டு மடங்காகும் வரை பொங்க விட வேண்டும். எங்கள் ஊர்ப் பகல் சூட்டுக்கு முக்கால் மணித்தியாலம் போதும். மறந்துபோய் இரண்டு மணித்தியாலம் விட்டால் புளித்து அமர்ந்துவிடும்.

பொங்கும் வரை செய்ய வேலை ஒன்றுமில்லை. பேச்சுத்தான். 1990இல் வயலுக்குப் போன அவருடைய காக்கா திரும்பி வரவில்லை. அதே வருடம் எங்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு கொஞ்சக் காலம் தன்னுடைய பணிசைத் தமிழ் ஆட்கள் வாங்கவில்லை என்று சொன்னார். அந்த மாதங்களில் நானும் முஸ்லிம் கடைகளுக்குப் போகவில்லை. அதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சீலையைத் தூக்கி மாவில் விரலால் குத்தினார். குழி மெல்ல மேலே வந்தது. "சரி, உருட்டுங்க" என்றார். உருட்டித் தகரத்தில் வைத்து இன்னும் அரை மணித்தியாலம் விட்டோம். இருபது நிமிடம் முன்னரே சூடாக்கிய பானையில் நாற்பது நிமிடம். அடியில் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் சத்தம் வர வேண்டும்.

ஐந்து தரம் போய்ப் பழகினேன். அரைக் கிலோ மாவில் ஒன்றரை றாத்தல் அளவுக்குப் பாண் வருகிறது. இப்போது சனிக்கிழமைகளில் எட்டுப் பாண் சுடுகிறேன், அத்தனையும் பத்து மணிக்குள் முடிந்துவிடும். இடியப்பத்தை விடவில்லை. அம்மா பாணைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் துண்டு கேட்டார்.

போன மாதம் ஒரு பாணைச் சீலையில் சுற்றிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். பஸ் முழுவதும் வாசம். ராத்தா அதைத் திருப்பி அடியில் தட்டிக் கேட்டார். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார்.

"உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார்.