செஞ்சிப் பாறையில் ஊதாப் பூ

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் 800 அடியையும் ஏறிவிடுவது என்றுதான் சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினேன். அடிவாரத்திலேயே உட்கார வைத்துவிட்டது ஒரு செடி. இரண்டு பாறைகள் முட்டிக்கொள்ளும் சந்தில், கைப்பிடி மண்ணில், முழ உயரம். உச்சியில் ஊதாப் பொட்டுகள்.

தை மாதம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையின் ஈரம் இந்த இடுக்குகளில் மட்டும் மிச்சம் இருந்தது. அது வற்றுவதற்குள் பூத்து விதைத்துவிட வேண்டும். மாசி போனால் இந்தக் கல் கொதிக்கும்.

பக்கத்திலேயே தாத்தாப்பூ. பள்ளி நாளில் காம்பை வளைத்துச் சுண்டி, தலையைப் பறக்கவிட்டு விளையாடுவோமே, அதுதான். ஓரத்தில் ஐந்தாறு வெளிர்மஞ்சள் இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். தாத்தாப்பூவின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்று பின்னாளில் படித்தபோது மனம் ஒப்பவே இல்லை.

ஊதாப் பூவுக்கு அந்த ஓர இதழ்களே கிடையாது. ஒரு தலையைப் பிரித்து லென்ஸ் வைத்து எண்ணினேன்: பத்தொன்பது குழல்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது பத்தொன்பது பூக்கள்! ஒவ்வொரு குழலின் வாயிலும் ஐந்து மடல், அடியில் வெள்ளைப் பட்டு மயிர். காற்றில் விதையைத் தூக்கிப் போவது அந்த மயிர்தான்.

"என்னா சார் தேடுறிங்க?" ஆடு ஓட்டி வந்த அம்மா நின்றார்.

"இந்தப் பூவுக்குப் பேர் என்னம்மா?"

"பூவாங்குறுந்தல். சொரம் வந்தா வேரோட புடுங்கிக் கஷாயம் வெப்பாங்க."

என் சந்தேகம் தீர்ந்தது. 1753இல் லின்னேயஸ் இதற்கு 'சினேரியா' என்று பெயர் வைத்தார். சாம்பல் நிறம் என்று பொருள். இலையைத் திருப்பினால் அந்தச் சாம்பல் பூச்சு தெரியும். பேரினப் பெயர் வெர்னோனியா என்றுதான் நெடுங்காலம் நூல்களில் இருந்தது, இப்போது சயாந்தில்லியம். கேரளத்தில் திருவாதிரைக்குப் பெண்கள் கூந்தலில் சூடும் தசபுஷ்பங்களில் இதுவும் ஒன்று. முயல்செவியும் கரிசலாங்கண்ணியும் அதே பத்தில் உண்டு. ஆக, பத்தில் மூன்று இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

இந்தச் செடி நிற்பதோ 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்கிய கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் கூட்டம் கூடியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். கொஞ்சம் குனியவும் வேண்டும் என்று எனக்கு ஆசை.

மாலையில் இறங்கி வந்து அந்தச் சந்தைத் தேடினேன். ஆடு மேய்ந்திருந்தது. உச்சிப் பொட்டுகள் ஒன்றும் இல்லை. தண்டின் அடிக்கணுவில், இலைக்கக்கத்தில், மூன்று மொட்டுகள் அப்படியே இருந்தன.