சண்டை இல்லாத பட்டாளம்

பட்டாளக் கதைகளை நான் ஆவலோடு வாசிப்பவன். வாசித்துவிட்டுப் பெரும்பாலும் ஏமாறுகிறவன். கதாநாயகன் முதல் பக்கத்தில் மலை ஏறுகிறான். கடைசிப் பக்கத்தில் மார்பில் குண்டு பாய்ந்து, தாய் நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே சாய்கிறான். இடையில் அவன் ஒரு வேளை சாப்பிட்டதாகவோ, துணி துவைத்ததாகவோ, ஊருக்குக் கடிதம் எழுதியதாகவோ காணோம். என் வகுப்புப் பிள்ளைகள் இப்படி எழுதினால் மன்னிக்கலாம். பெயர் பெற்ற ஆசிரியர்களும் அல்லவா எழுதுகிறார்கள்!

சிப்பாயின் ஆயுளில் சண்டை நடக்கும் நாட்கள் சொற்பம். மற்ற நாட்களெல்லாம் கவாத்து, பாரா, பூட்ஸுக்கு மெருகு, துப்பாக்கிக்கு எண்ணெய், லீவுக்கு விண்ணப்பம். எங்கள் தெருவில் பென்ஷன் பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஆனால் வெலிங்டன் முகாமில், விடியற்காலைக் குளிரில், மடித்து வைத்த கம்பளியின் ஓரம் நேராக இல்லை என்பதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடிய கதையை ஆரம்பித்தாரானால், காப்பி ஆறிப்போகும் வரையில் நிறுத்த மாட்டார்.

இந்தக் கம்பளி விவகாரத்தை இலக்கியமாக்கத் தெரிந்தவர்கள் சிலரே. ஹவாய்த் தீவில் சிப்பாயாக இருந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஜோன்ஸ் 1951-இல் வெளியிட்ட பெரிய நாவலில், குத்துச்சண்டைக் கோஷ்டியில் சேர மறுத்த ஒரு சிப்பாயை அவனுடைய சொந்தக் கம்பெனியே வாட்டி எடுக்கிறது. 1941 டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பானியரின் குண்டுகள் விழுவது கதை முடியப்போகும் தறுவாயில்தான்.

எனினும் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவர் ருஷ்ய ஆசிரியர் அலெக்ஸாந்தர் கூப்ரின். 1890 முதல் 1894 வரை காலாட்படையில் உத்தியோகம் பார்த்தவர். ‘துவந்த யுத்தம்’ என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய நாவல் 1905 மே மாதத்தில் வெளிவந்தது. அதே மாதத்தில்தான் த்ஸுஷிமாவில் ருஷ்யக் கப்பற்படையை ஜப்பானியர் நாசம் செய்தார்கள். நாவலிலோ யுத்தமே கிடையாது! ஒரு சிற்றூர், அங்கே ஒரு ரெஜிமெண்டு, பகலெல்லாம் கவாத்தும் அடியும், இரவில் ஆபீஸர்களின் குடியும் கூச்சலும்.

அதில் ஷராபுத்தினோவ் என்று ஒரு தாத்தார் சிப்பாய் வருகிறான். ருஷ்ய மொழி அவனுக்குச் சரியாகத் தெரியாது. கர்னல் கேள்வி கேட்டு உறுமுகிறார். அவன் திருதிருவென்று விழிக்கிறான். கேள்வியே புரியாமல் எழுந்து நிற்கும் பிள்ளைகளை இருபது வருஷமாகப் பார்த்துவரும் எனக்கு, அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது எளிதாக இல்லை. “அவனுக்குப் பாஷை தெரியாது” என்று எடுத்துச் சொன்ன இளம் ஆபீஸர் ரொமாஷோவுக்குக் கிடைத்தது வீட்டுக் காவல்.

பிறகு ஒரு நாள் அணிவகுப்பில் ரொமாஷோவே தவறிவிடுகிறான். எல்லோர் முன்னிலையிலும் அவமானம். அன்றிரவு ரயில் பாதை ஓரமாக அவன் தனியே போகும்போது, தினந்தோறும் அடிபடும் நோஞ்சானான கிளெப்நிகோவ் என்னும் சிப்பாய் தண்டவாளத்தை நோக்கி வருகிறான். எதற்கு வருகிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸர் என்பதையும் மறந்து, உடன்பிறந்தவனைப் போல் அவனை அணைத்துக்கொள்கிறான் ரொமாஷோவ்.