ஈறில் கசியும் ரத்தத்தைச் சும்மா விடாதீங்க!

மாட்டின் மடியில் லேசாக வீக்கம் தெரிந்தாலே, அன்றைக்கே கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். பாலில் ஒரு துளி ரத்தம் கலந்திருந்தால் வீடே கலங்கிப்போகிறது. ஆனால், தினமும் பல் விளக்கும்போது நம் ஈறிலிருந்து ரத்தம் வந்தால், 'உடம்புச் சூடு' என்று சொல்லி, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுகிறோம்.

திருவாரூர் மாவட்டத்தில் என்னோடு சேர்ந்து 4 ஏக்கரில் நெல் சாகுபடி செய்யும் என் அண்ணனும் அப்படித்தான் இருந்தார். அவருக்கு வயது 58. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். 3 வருஷமாக ஈறில் ரத்தம், வாய் நாற்றம், கீழ்வரிசையில் 2 பல் ஆட்டம். கேட்டால், "பல்லுதானேடா... ஆடுறது தானா விழுந்துட்டுப் போவுது" என்பார்.

எங்கள் அப்பா பக்கவாதத்தில் 2 வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்துதான் இறந்தார். அண்ணனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. செவிலியர் படிப்பு படிக்கும் என் மகள், "பெரியப்பாவுக்கு இருக்கிறது வெறும் பல் பிரச்னை இல்லப்பா. ரத்தக்குழாயையும் கெடுக்கும்" என்றாள். அதன் பிறகுதான் அண்ணனை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப்போனேன்.

அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஈறு ஓரத்தில் கிருமிகள் படலமாகப் படிந்து, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து காரையாக இறுகிவிடுகிறது. நாளாக நாளாக ஈறு பல்லைவிட்டு விலகி, உள்ளே பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் இருப்பது ஆறாத புண். சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் அதன் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றோடு உடம்பு ஓயாமல் போராடுவதால் அழற்சி உண்டாகிறது. அது வாயோடு நிற்பதில்லை.

ரத்தக்குழாய் என்பது பி.வி.சி பைப் மாதிரி ஒரே அளவில் இருப்பதல்ல. தேவைக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அதன் உள்சுவரில் உள்ள மெல்லிய படலம், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. அழற்சி நீடித்தால் இந்த வேலை மந்தமாகிவிடும்.

அண்ணனுக்கு ஈறுக்குக் கீழே வரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அன்று இரவு உடம்பு வலி, லேசான காய்ச்சல். "நல்லா இருந்த மனுஷனைக் கூட்டிட்டுப் போய் படுக்க வச்சுட்டீங்களே தம்பி" என்று அண்ணி வருத்தப்பட்டார். அப்போது என் மகள் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள்.

லண்டனில், கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீவிர சிகிச்சையும், மற்றதற்கு வழக்கமான சுத்தம் மட்டும் செய்திருக்கிறார்கள். கையில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, தளர்த்தியதும் ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேன் கருவியில் அளந்திருக்கிறார்கள். மறுநாள் அளந்தபோது, தீவிர சிகிச்சை பெற்றவர்களின் ரத்தக்குழாய் மற்றவர்களைவிடக் குறைவாகவே விரிந்தது. 60-ம் நாளில் நிலைமை தலைகீழானது. 180-ம் நாளிலும் அவர்களுக்கே நன்றாக விரிந்தது. 2007-ம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான முடிவு இது. நட்ட மறுநாள் நாற்று துவண்டு நிற்கும், வேர் பிடித்த பிறகுதான் நிமிரும் என்பது அண்ணிக்குத் தெரியாதா? அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

3 மாதத்தில் ரத்தக்கசிவு நின்றது. உடனே அண்ணன், "ஈறுதான் சரியாயிடுச்சே... இனிமே பிரஷர் மாத்திரை எதுக்கு?" என்று கேட்டார். இங்கேதான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். ஈறு சிகிச்சையால் ரத்தக்குழாய் மேம்படுவதற்கு ஆதாரம் உண்டு. ஆனால், அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என 2012-ல் அமெரிக்க இதய சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே, மாத்திரையை நிறுத்த நான் சம்மதிக்கவில்லை.

'கிளீனிங் செய்தால் பல் ஆடும்' என்று ஊரில் பயமுறுத்துவார்கள். வீங்கிய ஈறு வற்றும்போது இடைவெளி தெரியும், அவ்வளவுதான். இறுகிய காரையை வேப்பங்குச்சியால் எடுக்க முடியாது. செங்கல் பொடி பல்லைத் தேய்த்துவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் இருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் கசியும். அதனால் ரத்தம் இல்லையென்று சும்மா இருந்துவிடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். இதய வால்வு மாற்றியவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

அண்ணன் இப்போது வெற்றிலையோடு புகையிலை போடுவதை விட்டுவிட்டார். காலை, இரவு இரண்டு வேளையும் பல் விளக்குகிறார். குறுவைக்கு விதை விடும் முன்பு ஒருமுறை, சம்பாவில் களையெடுப்பு முடிந்ததும் ஒருமுறை என்று வருஷத்துக்கு 2 தடவை பல் பிரிவுக்குப் போவதென முடிவு செய்திருக்கிறோம். அடுத்த முறை அண்ணியும் வருகிறார்.