காலால் வாசிக்கும் குழந்தைகள்

குழந்தைக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டால், நம் மக்களுட் பெரும்பாலோர் உடனே அதனை அழைத்து நிறுத்தி, "அ, ஆ சொல்லு" என்கின்றனர். அதுவும் 12 உயிரையும் 18 மெய்யையும் மூச்சு விடாமல் ஒப்புவித்துவிடுகிறது. பெற்றோர் பூரித்துப் போகின்றனர். ஆனால், வரிசையைக் கலைத்து ஓர் எழுத்தைத் தனியே காட்டினால் குழந்தை திகைத்து நிற்கிறது. இது வாசிப்பாகுமா? பாட்டு மனப்பாடமாயிருக்கிறது, அவ்வளவே.

கணக்கெழுதும் கிராணிக்கு இவ்வாராய்ச்சி ஏன் என்று அன்பர்கள் வினவலாம். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள ஒரே இனப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமென விதித்தது. அக்காலத்தில் பல தோட்டங்களில் வாத்தியாராய் அமர்ந்தவர் கங்காணியோ கிராணியோதாம். ஆகவே இவ்வேலை நம் வகுப்பார்க்குப் புதிதன்று.

கோல சிலாங்கூர் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணம் வரையில் பால்மரம் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவே. தாய் தந்தையர் விடியுமுன் வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் பாட்டிமாரிடம் வளர்கின்றனர். ஏழாம் வயதில் முதலாம் வகுப்பிற் புகும்போது, பட்டணத்துப் பாலர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை வாசித்துக்கொண்டு வருகிறது; தோட்டத்துப் பிள்ளையோ முதல் நாளிலேயே பின்வரிசைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அதனை மீட்பது எளிதன்று.

இதற்குப் பெருஞ்செலவில் பரிகாரம் தேடவேண்டுவதில்லை. குளம்–கரை விளையாட்டை அறியாதார் யார்? தரையிற் கோடு கிழித்து, ஒருவன் "குளம்" என்றால் உள்ளேயும் "கரை" என்றால் வெளியேயும் குதிக்கவேண்டும். தவறினவன் ஆட்டத்திலிருந்து விலகவேண்டும். அவ்விளையாட்டில் ஒன்றை மட்டும் மாற்றினோம். கட்டளையிடுபவன் வாய் திறவாமல் அட்டையைத் தூக்கிக் காட்டவேண்டும். ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றில், மாலை வேளைகளில், பால்டின் பெட்டிகளை வெட்டி எடுத்த அட்டைகளில் 'உள்', 'வெளி' என்று மையால் எழுதி இதனை ஆடவைத்தோம்.

முதல் நாள் பிள்ளைகள் எழுத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்தனர். சரி, பார்க்கட்டும். நான்காம் நாள் இவ்விரண்டு சொல்லும் அவர்கட்கு வசமாயின. ஆயினும், இவை உருவத்தில் மிக வேறுபட்டவை. படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தே குதித்துவிடலாம். மெய்யான வாசிப்பு 'முன்', 'பின்' என்பவற்றில்தான் தொடங்குகிறது. முதலெழுத்தைக் கூர்ந்து நோக்கினாலன்றி இவற்றைப் பிரித்தறிய இயலாது. அதன்பின் 'மேல்', 'கீழ்'. மேல் என்றால் கை தூக்குவது, கீழ் என்றால் குந்துவது. ழகரம் நாவில் வராத பிள்ளையும் அட்டையைக் கண்டவுடன் குந்துவதைப் பார்த்தோம்! வாய் தடுமாறினும் கண் வாசித்துவிட்டதன்றோ?

இம்முறை நமது கற்பனையன்று. 1907 ஆம் ஆண்டில் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், கட்டளைகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, குழந்தைகள் பேசாது வாசித்து அதன்படி செய்யுமாறு பழக்கினார். அவ்வம்மையார் 1939 இல் சென்னை அடையாற்றுக்கும் வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சியளித்தார்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'முன்னால்', 'பின்னால்' என்னும் சொற்களைப் பழைய எழுத்தில் கற்றவர்கட்குத் தெரியும். அங்கே னகரத்துக்குத் துணைக்கால் கிடையாது. எழுத்தையே சுழித்து வேறுருவாக்கிவிட்டனர். இத்தகைய விதிவிலக்குகளை நீக்கிப் பெரியார் 1935 இல் குடிஅரசில் அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாட்டரசு 1978 இல் அதனை ஏற்றது. 'பின்' கற்ற பிள்ளை 'பின்னால்' என்பதைத் தடையின்றி வாசிக்கும்போது அச்சீர்திருத்தத்தின் பயன் விளங்குகிறது. தமிழின் அழகு போயிற்றென்று அன்று புலம்பிய பண்டிதர்கள் ஆறு வயதுக் குழந்தையைக் கேட்டிருக்கலாம்.

வலமும் இடமும் கடைசியில்தான் வரவேண்டும். மேலும் கீழும் எல்லார்க்கும் ஒன்றே. வலமிடமோ அவரவர் உடம்பைப் பொறுத்தவை. எதிரே நின்று அட்டை காட்டினால் பிள்ளைகள் குழம்புவர்; அவர்கள் நோக்கும் திசையையே நோக்கி, முன்னால் நின்று, தலைக்குமேல் தூக்கிக் காட்டவேண்டும். 'இடம்' என்று எழுதுவதினும் 'இடது' என்று எழுதுவதே நலம், 'இடம்' என்றால் "எந்த இடம்?" என்று கேட்கின்றனர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நமக்கும் லெப்ட், ரைட் வந்த பின்னரே இடது, வலது வந்தன. பாட்டிமாரோ சோற்றுக்கை, பீச்சாங்கை என்று எளிதிற் சொல்லிக்கொடுக்கின்றனர். வழி எளிதுதான், ஆனால் இடது கையால் இயல்பாக எழுதும் குழந்தை அச்சொல்லைக் கேட்டுத் தன் கையையே ஒளித்துக்கொள்கிறது. திசைக்குத் தீட்டு ஏது? ஆகையால் அட்டையில் 'இடது' மட்டுமே இருக்கட்டும்.

பெருஞ்சாலைக்குச் சென்றால் பலகைகளெல்லாம் மலாயில் நிற்கின்றன. 'கிரி', 'கானான்', 'பெர்ஹெந்தி' என்பவற்றையும் பிற்பாடு இவ்வாறே ஆடவைக்கலாம். தாய்மொழியில் ஒரு முறை கால் பழகிவிட்டால் மற்ற மொழிகளில் அத்துணை வருத்தமில்லை.

'நில்' என்னும் அட்டையைப் பிள்ளைகளே கேட்டு வாங்கிச் சென்றனர். செம்பனைக் குலை ஏற்றிய லாரி லயத்தோரம் திரும்பும் செம்மண் பாதையில் ஒரு கம்பத்திற் கட்டிவைத்தனர். இரண்டு மழையில் அட்டை ஊறிப்போயிற்று. இப்பொழுது தகரத்தில் எழுதித் தரவேண்டுமென்று கேட்கின்றனர். எழுத்தைத் தாங்களே எழுதுவார்களாம், தகரமும் சிவப்பு மையும் மட்டும் போதுமாம்.