பேரைக் கேட்டேன்... பசியோட போயிட்டான்!

மெஸ் சாப்பாட்டைத் திட்டாத இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் தமிழ்நாட்டுல உண்டா பாஸ்? நானும் திட்டியிருக்கேன். சாம்பார்ல பருப்பைத் தேட மைக்ராஸ்கோப் கேட்டிருக்கேன். இட்லியை லேப்புக்கு எடுத்துட்டுப் போய் கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணலாம்னு ஐடியா கொடுத்து, க்ளாஸே சிரிச்சிருக்கு. ஆனா, போன மே மாசத்துக்கு அப்புறம் நான் எந்தச் சாப்பாட்டையும் திட்டுறதில்லை. அந்தக் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

நான் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட். வயசு இருபது. வீடு திருவள்ளூர்ல. லீவுல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில இன்டர்ன்ஷிப் கிடைச்சுது. ரெண்டும் ஒரே மாவட்டம்தானேன்னு நினைப்பீங்க. ஆனா, நேர் ரயில் கிடையாது. சென்னைப் பக்கம் போய் ட்ரெயின் மாறணும். இல்லைன்னா, பஸ் மாறி மாறிப் போகணும். அதனால கவரைப்பேட்டைக்குப் பக்கத்துல ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட ரூம் எடுத்துத் தங்கினேன்.

ஸ்டைபெண்ட் 'இந்த வாரம் வரும்... அடுத்த வாரம் வரும்' என்றார்கள். வரலை. அப்பாகிட்ட கேட்கவும் மனசு வரலை. தங்கச்சி ஸ்கூல் ஃபீஸுக்கு அவரே அலைஞ்சுக்கிட்டிருந்தார். ஒரு ஞாயித்துக்கிழமை... ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. கம்பெனி கேன்டீன் லீவு. செல்லுல ஜிபேயைத் திறந்து பார்த்தா 23 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிட்ட ஒரு பன்னு, ஒரு டீயோட மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஓட்டியாச்சு.

அப்போதான் அந்த சாம்பார் சாதம் வாசனை! ஒரு தகர ஷெட். உள்ளே ஒரு ஜோதி. வள்ளலார் படம். அந்த ஊர் சன்மார்க்க சங்கத்துக்காரங்க, மாசா மாசம் பூசத்தன்னிக்கு சாப்பாடு போடுறவங்க. அன்னிக்குப் பூசம். வாசல்ல வரிசை. பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளிகள். நடுவுல உள்ளூர்ப் பாட்டிகள் சில பேர்.

ஜீன்ஸ், ஷூ, கழுத்துல கம்பெனி ஐடி கார்டு! நான் எப்படிங்க அந்த வரிசையில நிக்கிறது? ஐடி கார்டைக் கழட்டி பாக்கெட்டுல போட்டேன். யாராவது கேட்டா, 'சும்மா பார்க்க வந்தேன்'னு சொல்லணும்னு மனசுக்குள்ள ரிகர்சல் வேற. கரண்டி பிடிச்சிருந்த அக்கா என்னை ஏற இறங்கக்கூடப் பார்க்கலை. "தட்டை எடுத்துக்கிட்டு வா தம்பி. ஆறிடப் போவுது" என்றார். அவ்வளவுதான். பேர் என்ன, ஊர் என்ன, உனக்கென்ன இங்கே வேலை... எதுவும் இல்லை.

ரெண்டு தட்டு சாப்பிட்டேன். மூணாவது தட்டு கேட்க வெட்கம். அக்காவே வெச்சுட்டாங்க.

சாப்பிட்ட கடனுக்குப் பாத்திரம் கழுவினேன். அடுத்தடுத்த ஞாயிறுகள்லயும் போக ஆரம்பிச்சேன். சங்கத்தை நடத்துறவர் ஒரு ரிட்டயர்டு பெரியவர். எல்லாரும் அவரை 'ஐயா' என்போம். அவரும் எல்லாரையும், என்னைக்கூட, 'ஐயா' என்றே கூப்பிடுவார். "நம்ம பேட்டைக்காரர்யா அவரு" என்று ஒருநாள் வள்ளலார் படத்தைக் காட்டினார். எனக்குப் புரியலை. அப்புறம்தான் சொன்னார். வள்ளலாரோட அம்மா சின்னம்மைக்குப் பொன்னேரி பக்கத்துல சின்னக்காவணம்தான் பிறந்த ஊராம். 1823-ல் சிதம்பரம் பக்கம் மருதூர்ல குழந்தை பிறந்து, கொஞ்ச நாள்லயே அப்பா இறந்துட, கைக்குழந்தையோட அந்தம்மா வந்து சேர்ந்தது இந்தப் பொன்னேரிப் பக்கம்தான். அப்புறம்தான் சென்னை. கும்மிடிப்பூண்டி லோக்கல்ல செல்லை நோண்டிக்கிட்டே நாம தினமும் தாண்டிப்போற அதே பொன்னேரி!

அந்தக் குழந்தைதான் பின்னாடி வடலூர்ல சத்திய தர்மசாலை தொடங்கினார். 1867 மே 23. அப்போ மூட்டின அடுப்பு இன்னிக்கு வரைக்கும் எரியுது. அதனாலதான் அதுக்கு 'அணையா அடுப்பு'ன்னு பேர். அதுக்கு முந்தின வருஷம் 1866-ல் நம்ம சென்னை மாகாணத்துலயும் பஞ்சம். ஒடிசாவுலயோ கொடும் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்துப் போனதா வரலாறு சொல்லுது. ஒடிசாக்காரங்க வரிசையில நிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இதைக் கேட்டப்போ, ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நெட்ல தேடினா இன்னொரு ஆச்சரியம். உலகத்தோட முதல் 'ஃபுட் பேங்க்' என்று சொல்லப்படுறது அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்துல இருக்கு. ஜான் வான் ஹெங்கல் என்பவர், செயின்ட் மேரி என்ற கத்தோலிக்க சர்ச்சின் உதவியோட ஆரம்பிச்சது. வருஷம் 1967. வடலூர் அடுப்புக்குச் சரியா நூறு வருஷம் ஜூனியர்! குருத்வாரா லங்கர், நம்ம பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி... எந்த மதமா இருந்தாலும் பசின்னு வந்தா பாத்திரம் ஒண்ணுதான் போல.

சரி, மேட்டருக்கு வர்றேன். ஜூன் மாசம் ஐயா ஒரு மீட்டிங் போட்டார். "மாசத்துக்கு ஒரு நாள் பசிக்கு நாம சோறு போடுறோம். மீதி 29 நாள் பசி என்ன பண்ணும்? வாரா வாரம் ஞாயிறு போடணும்" என்றார். பெரிய இடங்கள்லயும் இப்படித்தான் படிப்படியா வளர்ந்திருக்கு. தமிழ்நாட்டுக் கோயில்கள்ல மத்தியான அன்னதானத் திட்டம் 2002-ல் வந்தது. நாள் முழுக்க அன்னதானம்ங்கிறது 2012-ல் ஸ்ரீரங்கம், பழனியில ஆரம்பிச்சது. 2021 செப்டம்பர்ல சமயபுரம், திருச்செந்தூரோட நம்ம மாவட்டத்துத் திருத்தணிக்கும் வந்தது. நம்ம தகர ஷெட்டும் கொஞ்சம் வளரட்டுமே!

அரிசி மூட்டை தர ஒரு கடைக்காரர் முன்வந்தார். ஆனா ஒரு கண்டிஷன். "யார் யாருக்குப் போடுறீங்கன்னு ஒரு லிஸ்ட் வேணும். ஒரே ஆளு நாலு தடவை வாங்கிட்டுப் போனா?" அவர் கேட்டதுல தப்பில்லை. அவர் காசு, அவருக்குக் கணக்கு வேணும். எல்லாரும் முழிச்சாங்க. நான் எழுந்தேன். அங்கே இருந்த ஒரே வருங்கால இன்ஜினீயர் ஆச்சே! "ஐயா, நான் பார்த்துக்கறேன். பேர், செல் நம்பர், கம்பெனி, கான்ட்ராக்டர் பேர்... எல்லாம் எக்ஸெல்ல போட்டு, ஆளுக்கு ஒரு டோக்கன் நம்பர் கொடுத்துடலாம்" என்றேன். ஐயா ஒண்ணும் சொல்லலை. "செஞ்சு பாருங்கய்யா" என்றார்.

அடுத்த ஞாயிறு. வாசல்ல மேஜை, மேஜை மேல லேப்டாப், பின்னாடி நான். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில கேள்வி. ஏழெட்டு பேர் பதில் சொல்லிட்டு உள்ளே போனாங்க. ஒன்பதாவதா ஒரு பையன். என் வயசுதான் இருக்கும். கிழிஞ்ச செருப்பு. சட்டையில இரும்புத் தூள் கறை. பேரைச் சொல்லிட்டான். கான்ட்ராக்டர் பேரைக் கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். லேப்டாப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். 'கானா நஹி சாஹியே' என்று சொல்லிட்டு நடந்துட்டான்.

சாப்பாடு வேண்டாமாம்! அரை மணி நேரமா வெயில்ல வரிசையில நின்னவனுக்கு!

பின்னாடி நின்ன ஒருத்தர், கொஞ்சம் தமிழ் தெரிஞ்சவர், சொன்னார். "அவன் வேலை விட்டு வந்தான் தம்பி. சம்பளம் பாக்கி. பேர் எழுதினா கான்ட்ராக்டர்கிட்ட போகும்னு பயம்." எழுந்து ஓடினேன். ரயில்வே கேட் வரைக்கும் தேடினேன். ஆள் இல்லை.

திரும்பி வந்து ஐயா முன்னாடி நின்னேன். திட்டுவார்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "பசியோட வந்தவங்ககிட்ட நாடு, சமயம், சாதி, அவங்க நடத்தை இதையெல்லாம் விசாரிச்சுக்கிட்டு நிக்காதேன்னு பெருமான் எழுதி வெச்சிருக்கார். இன்னிக்கு நாம கான்ட்ராக்டரையும் சேர்த்து விசாரிச்சுட்டோம்" என்றார். 'நாம' என்றார் பாருங்க... 'நீங்க'ன்னு சொல்லலை. அதுதான் இன்னும் வலிச்சுது.

ராத்திரி தூக்கம் வரலை. பூசத்தன்னிக்கு அந்த அக்கா என்கிட்ட, 'எந்த காலேஜ்? அப்பா என்ன பண்றார்? ஐடி கார்டைக் காட்டு'ன்னு கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சத்தியமா ரூமுக்கே திரும்பிப் போய்த் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்திருப்பேன். எனக்குக் கிடைச்ச அந்த மரியாதையை, எனக்கு அப்புறம் வந்தவனுக்கு நான் கொடுக்கலை.

அரசாங்கம் கேள்வி கேட்கலாம். கேட்டுத்தான் ஆகணும். அது எல்லாரோட வரிப்பணம். 2020 அக்டோபர்ல இருந்து 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டுலயும் இருக்கு. வெளி மாநிலத்துக்காரங்க இங்கேயே ரேஷன் வாங்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா, அதுக்குக் கார்டு இருக்கணும், கைரேகை பொருந்தணும். அரிசி வாங்கினாலும், பத்து பேர் படுக்குற ரூம்ல அடுப்பு இருக்கணும். இந்தக் கேள்வி எதுக்கும் பதில் இல்லாதவனுக்குன்னு ஊர்ல ஒரு இடம் வேணும் இல்லையா? தர்மசாலை அதுக்குத்தான். அதுவும் ஃபாரம் நீட்டினா, அப்புறம் அவன் எங்கேதான் போவான்?

சரி, கடைக்காரருக்குக் கணக்கு? யோசிச்சேன். ஆளைத்தானே எண்ணக் கூடாது... தட்டை எண்ணலாமே! மொத்தம் எத்தனை தட்டு போச்சு, எத்தனை கிலோ அரிசி வெந்தது, எவ்வளவு மிஞ்சுச்சு, எத்தனை மணிக்குத் தீர்ந்துச்சு. நாலே நாலு காலம். பேர் காலம் கிடையாது. "ஒரு கிலோ அரிசிக்குப் பத்து பேரு"ங்கிறது அக்காவோட கணக்கு. நாலு வாரம் எழுதிப் பார்த்ததுல, மாசக் கடைசியில கூட்டம் எகிறுறதும், சம்பளம் வந்த வாரம் குறையுறதும் பளிச்சுனு தெரிஞ்சுது. மாசக் கடைசி ஞாயிறுக்கு ஒரு மூட்டை கூடுதல், முதல் பாதியில குறைவுன்னு மாத்தினோம். மிச்சமும் குறைஞ்சுது, பத்தாமப் போறதும் நின்னுது.

நோட்டைக் கடைக்காரர்கிட்ட கொண்டு போனேன். புரட்டிப் பார்த்தார். "ஒரே ஆளு நாலு தடவை வாங்கினா?" என்று மறுபடி கேட்டார். "நானே மூணு தட்டு சாப்பிட்டேன் சார், முதல் நாள்" என்றேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சிரிச்சுட்டார். மூட்டை வந்துடுச்சு.

இன்டர்ன்ஷிப் முடிஞ்சு, காலேஜ் திறந்தாச்சு. இப்பவும் மாசத்துல ரெண்டு ஞாயிறாவது ட்ரெயின் மாறிக் கவரைப்பேட்டை போயிடுறேன். லேப்டாப்பை எடுத்துட்டுப் போறதில்லை. கரண்டி கொடுத்துட்டாங்க... ப்ரமோஷன்!

ஒவ்வொரு தடவையும் வரிசையில முதல்ல செருப்புகளைத்தான் பார்க்கிறேன். அந்தப் பையன் இதுவரைக்கும் வரலை. வேற ஊருக்குப் போயிட்டானோ, வேற எங்கேயாவது சாப்பிட்டானோ... தெரியாது. அவன் பேர் மட்டும் என் எக்ஸெல் ஃபைல்ல ஒன்பதாவது வரிசையில இருந்துச்சு. மத்த எட்டுப் பேரோட சேர்த்து அன்னிக்கு ராத்திரியே அழிச்சுட்டேன். ஆனா, மனசுல அழியலை.

என்னிக்காவது வந்தான்னா, பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். 'தட்டை எடுத்துக்கிட்டு வா தம்பி, ஆறிடப் போவுது'ன்னு மட்டும்தான் சொல்லுவேன்.