உப்பு விளையாத நாட்கள்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேற்கு பிரான்சின் நாந்த் நகரத்தில் சுமார் 800தான். வடிகால் பொறியாளர் என்பதால் இப்படிப்பட்ட எண்கள் எனக்கு நாக்கு நுனியில் இருக்கும். "நம்ம ஊர்ல பெய்யறதுல பாதிகூட இல்லப்பா" என்று சொல்லித்தான் ஓய்வு பெற்ற அப்பாவைக் கிளப்பினேன். எண் சரிதான். ஆனால் தோ பாயோ மழை ஒரு மணி நேரம் ஆத்திரமாகக் கொட்டும், அப்புறம் நம்மைக் கீழே இறங்கி டீ குடிக்க விட்டுவிடும். அங்கே ஜூலையில் ஒரே நாளில் தூறல், வெயில், காற்று, மறுபடி தூறல். வைப்பரைப் போடுவதா நிறுத்துவதா என்று முடிவு பண்ணுவதே முழுநேர வேலை.

11 நாள், நாந்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கேம்பர்வேன். முப்பது வருஷம் லாரி ஓட்டிய அப்பா, ஓட்டியது போதும் என்று சாவியைத் தொட மறுத்துவிட்டார். அம்மா வரவே இல்லை. "வீட்ட விட்டுட்டு வீட்டையே இழுத்துக்கிட்டுப் போறதுக்குப் பேரு லீவா?" என்று கேட்டுவிட்டு, தேக்காவில் வாங்கிய புளிக்காய்ச்சலையும் இட்லிப் பொடியையும் பெட்டியில் திணித்தார்.

கேம்பர்வேன்களை ராத்திரி நிறுத்திக்கொள்ள அங்கே பல ஊர்களில் தனி இடம் உண்டு. குடிதண்ணீர் பிடிக்கலாம், பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கழிவறைத் தொட்டியையும் காலி பண்ணலாம். அந்த இடத்தின் பெயர் 'ஏர்'. "ஏர் எங்க இருக்கு பாருங்கப்பா" என்று நான் கேட்கும்போதெல்லாம் உழப் போகிற மாதிரியே இருந்தது. கடற்கரை கார் நிறுத்தங்கள் பலவற்றில் இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள். நம் வண்டி நுழையாது. ஏரைத் தேடித்தான் போக வேண்டும்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது, ஆறேழு சதுர மீட்டருக்குள் அப்பாவும் நானும். நான்கறை வீட்டில் எங்களுக்கு நடுவில் அம்மா, டிவி, கதவுகள் எல்லாம் இருந்தன. வேனில் மழை மட்டும்தான். முதல் இரண்டு நாளும் அதைப் பற்றியே பேசினோம். வருமா, விடுமா. ராத்திரி கூரையில் மழைச் சத்தம் கேட்டபோது, "தகரக் கொட்டாய் மாதிரியே இருக்கு" என்றார். எந்தக் கொட்டாய் என்று நான் கேட்பதற்குள் தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் கெராந்த். கடலோரச் சதுப்பில் சுமார் 2,000 ஹெக்டேருக்கு உப்புப் பாத்தி. அப்பா தூத்துக்குடிக்காரர். உப்பளக் குடும்பம் என்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலில் படித்ததுதான். அப்பா அதைப் படித்ததில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

பாத்திகளைப் பார்த்ததும் என் மூளை வேறு பக்கம் போய்விட்டது. பெரிய ஓதம் வரும்போது மதகைத் திறந்து கடல்நீரை ஒரு தேக்கத்தில் விடுகிறார்கள். அங்கிருந்து பாத்தி பாத்தியாக, களிமண்ணில் கண்ணுக்கே தெரியாத சரிவில், தண்ணீர் தானாக நகர்ந்து வெயிலிலும் காற்றிலும் சுண்டுகிறது. கடைசிப் பாத்தியில் உப்பு. பம்பு கிடையாது. எங்கள் மரினா அணைக்கட்டில் ஏழு ராட்சத பம்புகள்! நான் மதகுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா வரப்பில் குந்தி, ஒரு கல்லை வாயில் போட்டுவிட்டு, "கசப்பு இருக்குளா" என்றார். 'ளா' என்று அவர் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. சிங்கப்பூரில் அவர் பேசுவது எல்லாருக்கும் பொதுவான தமிழ்.

பாத்தியில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் நீளக் கம்பு வைத்த பலகை. வாராமல் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் எழுந்து அதே திசையில் பார்த்தார். தோ பாயோவில் மழை இருட்டினால் ஜன்னலுக்குப் போய், துணிக் கம்புகளை உள்ளே இழுத்த பிறகும் அங்கேயே நிற்பாரே, அதே நிற்பு. "பெய்யும்" என்றார். பத்து நிமிஷத்தில் பெய்தது. பாத்தியில் மழை விழுந்தால் சுண்டிய நீர் மறுபடி நீர்த்துப் போகும். பெரிய மழையானால் பல நாள் உழைப்பு போச்சு.

மூன்று பேரும் கொட்டகையில் ஒதுங்கினோம். போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தேன். அங்கே உப்பு எடுப்பவர்களுக்குப் பெயர் பலுதியே. சதுப்பு என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'பாயோ'வும் மலாய்ச் சதுப்புதான், தோ பாயோ என்றால் பெரிய சதுப்பு. நம்முடையதைத் தூர்த்துப் புளோக் கட்டினார்கள், நான் அதில்தான் வளர்ந்தேன், குறை சொல்ல வாயில்லை. இங்கே 1970களில் உல்லாசக் கடற்கரைத் திட்டங்கள் வந்தபோது, பலுதியேக்கள் சேர்ந்து நின்று சதுப்பைக் காப்பாற்றிக்கொண்டார்களாம். இதை அந்த அம்மா ரொம்பப் பெருமையாகச் சொன்னார்.

அப்பாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "மழை பெய்யுற நாள்ல கூலி உண்டான்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். கூலி இல்லை, பாத்தி அவர் பொறுப்பு, உப்பு அவருடையது, கூட்டுறவு மூலம் விற்கிறார்கள். மழைக்கோடையென்றால் நஷ்டமும் அவருடையதுதான்.

நான் தமிழில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆச்சிக்கு மழ பெஞ்சா கூலி கெடையாது. காலையில வானத்தப் பாத்துட்டுத்தான் உலையே வைப்பா" என்றார். பிறகு, "ஒரு சித்திரையில எட்டு நாள் கோடைமழை. எட்டு நாளும் அளத்துக்குப் போயி கொட்டாயில உக்காந்துட்டுத் திரும்பி வந்தா. போகலன்னா அடுத்த வாரம் பேரு இருக்காதுல்லா" என்றார். எனக்கு அதை மொழிபெயர்க்க வரவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. அப்பா கண்ணைச் சுட்டிக் காட்டி, வெள்ளை உப்பில் வெயில் அடித்தால் என்ன ஆகும் என்று சைகையில் கேட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. அது சர்க்கரையால் என்றே வீட்டில் சொல்வார்கள்.

மழை விட்டது. அந்த அம்மா பலகையை எடுக்கவில்லை, இன்றைக்கு இனி வார முடியாது என்று கையை விரித்தார். அப்பா ஒரு கிலோ சாம்பல் நிற உப்பு வாங்கினார், விலையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு. அடுத்து கார்னாக்கில் 3,000க்கும் மேற்பட்ட நெடுங்கற்களைப் பார்ப்பதாகத் திட்டம். பார்த்தோம், படமும் இருக்கிறது. ஆனால் கார்னாக் என்றால் எனக்கு ஞாபகம் வருவது போகிற வழிதான். அப்பா ஆச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், நான் வழிகாட்டும் போனின் குரலை அணைத்துவிட்டேன்.