பிள்ளையின் வருத்தமும் பெற்றோரின் மனமும்

எங்கள் பேச்சில் நோயையும் வருத்தம் என்கின்றோம், மனத்துயரையும் வருத்தம் என்கின்றோம். ஆனால் பிள்ளைக்கு வருகின்ற வருத்தத்துக்குக் கிளினிக் உண்டு, கொப்பி உண்டு, திகதி உண்டு. அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு வருகின்ற வருத்தத்துக்கு இவை ஒன்றும் இல்லை. அதைப் பற்றியே எனது அனுபவத்தை இங்கு எழுதுகின்றேன்.

2017 இல் எனது மகளுக்கு ஐந்து வயது. விட்டுவிட்டுக் காய்ச்சல், காலில் நோ, உடம்பில் அங்கங்கே கண்டிப்போன அடையாளங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் அங்கிருந்து மகரகமவுக்கும் அனுப்பினார்கள். குருதிப் புற்றுநோய் என்றும், சிறுபிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகின்ற வகை இதுதான் என்றும், இரண்டு மூன்று வருடம் மருந்து செய்ய வேண்டும், சுகப்படுத்தக் கூடியது என்றும் வைத்தியர் சொன்னார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். வெளியில் வந்ததும் இவர், "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார். புற்றுநோய் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. அதிர்ச்சி விழுந்த நேரத்தில் மனம் புதிதாக எதையும் பதிந்துகொள்வது கடினம் என்று பின்னர் ஒரு உளவளத்துணையாளர் சொல்லி அறிந்தேன். ஆகவே சகோதரிகளே, மறுநாள் திரும்பவும் கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஊரில் பலரும் எனக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றுதான். "மாத்தளன் கண்ட ஆட்கள் நீங்கள், இதையும் தாங்குவியள்." நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அது உண்மை அல்ல. 2009 இல் என் தம்பியைப் பங்கர் வாசலில் இழந்தவள் நான். அந்தக் காலம் என்னை உரமாக்கவில்லை, என்னிடம் இருந்ததைச் செலவழித்துவிட்டுப் போனது. விடுதியில் மருந்து ஏற்றுகின்ற இயந்திரம் கூவினால் என் கை தன்பாட்டில் பிள்ளையின் தலையைப் பொத்தும். ஷெல் வந்தால் பிள்ளையைப் பங்கருக்குள் இழுக்கலாம். இரத்தத்துக்குள் இருப்பதிலிருந்து எங்கே இழுப்பது?

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1994 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், தன் பிள்ளைக்கு உயிராபத்தான நோய் என்று அறிவதையும் மனவடுவை உண்டாக்கக்கூடிய சம்பவங்களுள் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். போரும் சித்திரவதையும் இருந்த அதே வரிசையில்! 2013 இல் வந்த பதிப்பில் அதைச் சுருக்கி, பிள்ளைக்குத் திடீரென நேர்கின்ற பெரும் மருத்துவ ஆபத்தைக் கண்ணால் காண்பது போன்றவற்றுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சுருக்கியவர்கள் விடுதியில் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முதல் மாதம் கொடுத்த ஸ்டெரொயிட் மருந்தால் பிள்ளையின் முகம் உப்பிப் போனது. நடுச்சாமம் இரண்டு மணிக்குச் சோறு கேட்டு அழுவாள். கொடுத்தால் தட்டிவிடுவாள். முள்ளந்தண்டில் ஊசி போடும்போது வளைத்துப் பிடித்துக் கொடுக்கின்ற கை என்னுடையது. "அம்மாவை எனக்கு வேண்டாம்" என்று அவள் கத்துவாள். மருந்தும் நோவும் கதைக்கின்றன, பிள்ளை அல்ல என்று அறிவுக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் மொனராகலையைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. காலையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையைத் துண்டில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டுவோம். கூடியிருந்தால் சிரிப்போம். குறைந்திருந்தால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். எனக்குக் கிடைத்த முதல் உளவளத்துணை அதுதான்.

"குண்டுப் புகையைச் சுவாசித்ததால் வந்ததோ", "வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டனீர்" என்று கேட்டவர்களும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்நோய் ஏன் வந்தது என்று காரணம் கண்டறிய முடிவதில்லை, பெற்றோர் செய்த எதனாலும் வந்ததல்ல என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னார். அந்த வசனத்தைக் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்தேன். பயணப் பையில் மருந்தைவிட அதற்குப் பெறுமதி அதிகமாக இருந்த நாட்களும் உண்டு.

இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசன் வேலை செய்பவர். மாதத்தில் ஒரு தடவை இரவு பஸ்ஸில் வந்து, காசையும் உடுப்பையும் தந்துவிட்டு, பிள்ளையை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். "தகப்பனுக்குக் கல் மனம்" என்று என் சொந்தங்களே கதைத்தார்கள். வீட்டில் மூத்தவனைப் பார்த்த அம்மா பிறகுதான் சொன்னார், அந்த வருடத்தில் நல்ல வேலியைப் பிரித்துப் பிரித்து மூன்று தரம் அடைத்தாராம். ஆண்கள் அழாமல் விடுவதை நாங்கள் தைரியம் என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்கின்றோம். பல நேரங்களில் இரண்டும் இல்லை. (மூத்தவன் ஒன்பது வயதில் திரும்பவும் பாயை நனைக்கத் தொடங்கியதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.)

2020 தை மாதம் மருந்து முடிந்தது. அம்மன் கோயிலில் பொங்கினோம். "இனியென்ன, சந்தோசமாய் இரு" என்றார்கள். அந்தக் கிழமையில்தான் எனக்கு நித்திரை அறவே போனது. மருந்து நடந்தவரை யாரோ காவல் நிற்பது போல இருந்தது. நின்றதும் காவலும் போய்விட்டது. மருந்துக் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் உடனே வைத்தியசாலை என்று சொல்லியிருந்தார்கள், கிருமித்தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால். அந்தப் பயம் உடம்பில் ஏறிவிட்டது. மணிக்கொரு தரம் எழும்பி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பங்குனி 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். வீதி அடங்கிய அந்த இரவுகளில் பழைய இரவுகளும் சேர்ந்து வந்தன. தம்பியும் மகளும் ஒரே கனவில் வருவார்கள்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். "அங்கே பைத்தியங்கள் அல்லவா போறது" என்று ஒரு மாமி கேட்டார். பதில் சொல்லவில்லை. உளவளத்துணையாளர் முதலில் கேட்டது நித்திரையையும் சாப்பாட்டையும் பற்றித்தான். பிறகு, "இதை ஆரோட கதைக்கிறனீங்கள்?" என்று கேட்டார். ஒருவருமில்லை என்று சொன்னபோதுதான் அழுகை வந்தது. மூச்சைக் கவனித்து விடுகின்ற சாந்த வழிமுறை ஒன்றைப் பழக்கினார். நெற்றியைத் தொடுவது காலையும் மாலையும் மட்டும் என்று உடன்பட்டோம். முதல் கிழமை நரகம். மூன்றாம் மாதம் ஓர் இரவு முழுக்க நித்திரை கொண்டேன். மறந்து போகவில்லை. ஆனால் நினைவு வந்தால் உடம்பு உதறுவது குறைந்தது.

பிள்ளை வருந்தும்போது தாய் தன்னைப் பற்றி நினைப்பது பாவம் என்று உங்களில் யாராவது நினைத்தால், அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டியது நித்திரை கொண்ட ஒருவர்தான் என்பதை யோசியுங்கள். கிழமைக்கணக்கில் நித்திரை இல்லையென்றாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தரம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலைக்குப் போக முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.

மகள் இப்போது என்னிலும் உயரம். கிளினிக்குக்குப் போகின்ற முதல்நாள் இரவு எனக்கு இன்றும் நித்திரை வருவதில்லை. இவரும் கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் கிடக்கிறார் என்பது இப்போது தெரியும். எழும்பித் தேத்தண்ணீர் போடுவேன். விடியும்வரை இருவரும் குசினியில் இருந்து கதைப்போம். பெரும்பாலும் வேறு ஏதாவது பற்றி.